ரொட்டியைப் பங்கிட்ட கைகள்: வூச், வார்சா பயணக் குறிப்புகள்

முதல் நாள், திங்கள், வூச்

வார்சாவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் பயணத்தில் வூச் வந்துவிட்டது. பஞ்சாலைகளாலும் நெசவாலைகளாலும் வளர்ந்த போலந்து நகரம் இது. செங்கல் புகைபோக்கிகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. 1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நுழைந்தபோது இங்கே ஏறத்தாழ 2,30,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். நகர மக்களில் மூன்றில் ஒருவர் யூதர்.

எதற்காக இங்கே வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாஜி ஜெர்மனி யூதர்களைத் தனியே அடைத்துவைத்த நகரப் பகுதிகளான கெட்டோக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். படித்தவற்றில் பெரும்பகுதி கொன்றவர்களைப் பற்றியது. மீதியில் பெரும்பகுதி யூதர்களின் ஆயுத எழுச்சியைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான இரவுகள் இருந்திருக்கின்றன. அந்த இரவுகளில் ஓர் அறைக்குள் ஆறு பேர், ஏழு பேர் படுத்து எழுந்தார்கள். அங்கே ரொட்டியை யார் நறுக்கினார்கள், விறகுக்கு யார் போனார்கள், யாருடைய பங்கு யாருக்குப் போயிற்று என்பதைத்தான் இந்த ஐந்து நாளும் தேடப் போகிறேன்.

பிற்பகலில் பாவூத்தி பகுதிக்கு நடந்தேன். 1940 பிப்ரவரி 8 அன்று கெட்டோ அமைக்கும் ஆணை வெளியானது. ஏப்ரல் 30 அன்று அது முழுவதுமாக அடைக்கப்பட்டது. ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,60,000 பேர் அடைபட்டார்கள். நகரத்திலேயே மிக ஏழ்மையான பகுதியைத்தான் இதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்நீர் கிடையாது, கழிவுநீர்க் கால்வாயும் கிடையாது. இந்தக் கடைசி விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வார்சாவில் கழிவுநீர்க் கால்வாய்கள் வழியாக உணவு உள்ளே வந்தது, பிற்பாடு மனிதர்கள் வெளியேறவும் முடிந்தது. இங்கே அந்த வழியே இல்லை. வூச் நேரடியாக ஜெர்மன் ரைஹுடன், அதாவது ஜெர்மனியுடனேயே, இணைக்கப்பட்டிருந்ததால் வேலிக்கு வெளியே வாழ்ந்தவர்களிலும் ஜெர்மானியர்கள் ஏராளம். கெட்டோவுக்குள் செல்லுபடியான பணமும் தனி. கெட்டோவை நிர்வகிக்க ஜெர்மானியர்கள் ‘மூத்தவர்’ என்று நியமித்த யூதரான ஹாயிம் ரும்கோவ்ஸ்கியின் பெயரில் அச்சிட்ட அந்தத் தாள்களை மக்கள் ‘ரும்கி’ என்றார்கள். அதை வேலிக்கு வெளியே யாரும் வாங்கமாட்டார்கள். கடத்தலுக்கு இடமில்லாமல் போனதால், ஒரு குடும்பத்தின் உயிர் முழுக்க முழுக்கப் பங்கீட்டு அட்டையைத்தான் நம்பியிருந்தது.

ஸ்கியெர்ஸ்கா தெருவில் செங்கல் நிற மாதா கோயில் இரட்டைக் கோபுரத்துடன் நிற்கிறது. கெட்டோவின் நடுவே ஓடிய இந்தத் தெருவையும் லிமனோவ்ஸ்கி தெருவையும் மட்டும் கெட்டோவிலிருந்து விலக்கி, வெளியாருடைய போக்குவரத்துக்கு விட்டிருந்தார்கள். அதனால் கெட்டோ மூன்று துண்டாயிற்று. துண்டுகளை இணைக்க மூன்று மரப்பாலங்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்று இந்தக் கோயிலுக்கு எதிரே இருந்தது. பட்டினியால் கால் வீங்கியவர்களுக்கு அந்தப் படிகளில் ஏறி இறங்குவது தினசரித் தண்டனையாக இருந்தது. கோயிலுக்குள்ளே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாடுகடத்தப்பட்டவர்களின் மெத்தைகளையும் தலையணைகளையும் கொண்டுவந்து கிழித்து, இறகுகளைத் தரம் பிரிக்கும் கிடங்காக அதை மாற்றியிருந்தார்கள். பிள்ளை பிறந்த மெத்தை, பாட்டி படுத்த மெத்தை என்று ஒவ்வொரு குடும்பத்தின் தூக்கமும் அங்கே தூளாகப் பறந்திருக்கிறது.

இன்று அதே இடத்தில் பச்சை விளக்கு எரிந்ததும் தெருவை எட்டு விநாடியில் கடந்துவிட்டேன். திரும்பவும் கடந்தேன். மூன்றாம் முறை கடக்க மனம் வரவில்லை.

இரண்டாம் நாள், செவ்வாய், வூச்

இன்று முழுவதும் ரொட்டி பற்றிய நாள்.

கெட்டோவில் ரொட்டிப் பங்கீடு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து தரப்பட்டது. ஒரு ஆளுக்கு 2 கிலோ எடையுள்ள ஒரு ரொட்டி; ஒரு கட்டத்தில் அதை ஐந்து நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, பின்னர் ஏழு நாளுக்கு, எட்டு நாளுக்கு என்று நீண்டது. கேட்பதற்கு ஏதோ கிடைத்ததே என்று தோன்றலாம். ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் பெரும்பாலும் இல்லை என்பதையும், அந்த ரொட்டியின் ஈரமும் கலப்படமும் எடையில் சேர்ந்தே வந்தன என்பதையும், வாங்கியவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை உழைத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் நாளே பாதியைத் தின்றுவிட்டவருக்கு அடுத்த நாட்கள் வெறும் நீர்ச் சூப்புதான்.

அதனால் வீட்டுக்குள் தராசு வந்தது. பிழைத்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் பொருள் இந்தத் தராசு. சில வீடுகளில் அம்மா மொத்த ரொட்டியையும் தன்வசம் வைத்துக்கொண்டு தினமும் நிறுத்துத் தந்தாள். தன் பங்கில் கொஞ்சத்தைப் பிள்ளையின் தட்டுக்குத் தள்ளிவிட்டு, தனக்குப் பசியில்லை என்றாள். வேறு சில வீடுகளில் அவரவர் ரொட்டி அவரவரிடம் என்று ஆயிற்று. ஒவ்வொருவரும் தம் துண்டில் கத்தியால் அடையாளம் கீறி, துணியில் சுற்றி, பூட்டி வைத்தார்கள். ஒரே பந்தியில் உண்டு பழகிய குடும்பம் தனித்தனிப் பூட்டுகளாகப் பிரிந்த அந்தத் தருணம்தான் கெட்டோவின் கொடுமையில் நான் மறக்க முடியாத பகுதி. அடித்தவன் வெளியே நின்றான். பிளவு உள்ளே நடந்தது.

டாவிட் ஷெராகோவியாக் என்ற மாணவனின் நாட்குறிப்பு இதைக் கண்ணெதிரே வைக்கிறது. 1924-இல் பிறந்தவன், படிப்பில் கெட்டிக்காரன். தன் தந்தை வீட்டாரின் பங்கு ரொட்டியையும் எடுத்துத் தின்றதை அவன் ஒளிக்காமல், ஆத்திரத்தோடு எழுதினான். தாய் நாளுக்கு நாள் மெலிந்ததையும் எழுதினான். 1942 செப்டம்பரில் மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் வந்தவர்கள் அந்தத் தாயை ‘பலவீனமானவர்’ என்று குறித்துக்கொண்டு கூட்டிச் சென்றார்கள். 1943 மார்ச்சில் தந்தை இறந்தார். ஆகஸ்ட் 8 அன்று, காச நோயும் பசியும் சேர்ந்து, 19 வயதில் டாவிட் இறந்தான். அந்தத் தந்தையைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன். அவர் கெட்டவர் என்று எழுத என் கை வரவில்லை. போருக்கு முன் அந்த வீட்டில் அவர் இப்படி இருந்திருந்தால், மகனுக்கு அவ்வளவு அதிர்ச்சி ஏன் வரப்போகிறது? பசி ஒரு மனிதரிடமிருந்து எதை எடுத்துப் போகும் என்பதற்கு அந்தப் பக்கங்கள் சாட்சி. தாயின் மெலிவு அதே பசிக்கு வேறொரு சாட்சி.

இன்னொன்று: சூப்பு. ரும்கோவ்ஸ்கியின் நம்பிக்கை உழைப்பின்மேல் இருந்தது. ஜெர்மானியர்களுக்குத் தேவையானவர்களாக இருந்தால் உயிரோடு விடுவார்கள் என்று எண்ணி, ராணுவ உடை, காலணி, வைக்கோல் செருப்பு, மரச்சாமான் என்று பட்டறைகளை அமைத்தார். ‘ரெசோர்ட்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பட்டறைகளில் வேலை செய்பவருக்கு மதியம் ஒரு சூப்பு கிடைக்கும். வேலை செய்யாத கிழவிக்கும் சிறு குழந்தைக்கும் அது கிடையாது. எனவே பத்து வயதுப் பிள்ளையும் ஊசி பிடிக்கக் கற்றது. பெற்றோர் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ‘மெனாஷ்கா’ என்ற சிறு தூக்குப்பாத்திரம் தொங்கியது. பெண்கள் தங்கள் சூப்பின் அடியில் தங்கிய கெட்டிப் பகுதியை அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பொதுச் சமையலறைகளில் சீவிய உருளைக்கிழங்குத் தோலைப் பெறுவதற்கு மருத்துவரின் சீட்டு தேவைப்பட்ட காலமும் இருந்தது. தோலைக் கழுவி, அரைத்து, காப்பிச் சக்கையோடு பிசைந்து தட்டி அடை போலச் சுட்டார்கள்.

மலவண்டி இழுத்த குடும்பங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். கால்வாய் இல்லாத இடத்தில் கழிவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும், குதிரை இல்லை, மனிதர்களே நுகத்தில் நின்றார்கள். தந்தை, தாய், பிள்ளைகள் ஒரே வண்டியை இழுப்பதை மெண்டல் கிராஸ்மன் படமெடுத்திருக்கிறார். கூடுதல் உணவுக்காக ஏற்றுக்கொண்ட அந்த வேலை அவர்களுக்கு டைபஸ் காய்ச்சலையும் சேர்த்தே தந்தது. கிராஸ்மன் தன் மேலங்கிக்குள் கேமராவை மறைத்து, பைகளின் உட்புறத்தைக் கிழித்து அதன் வழியே கையை விட்டுப் படமெடுத்தவர். 1945-இல் ஜெர்மானியர்கள் கைதிகளை நடத்திக் கொண்டுசென்ற வழியில் அவர் மாண்டார். இன்னொரு படக்காரர் ஹென்ரிக் ரோஸ், படச்சுருள்களைப் பெட்டியிலிட்டு 1944-இல் மண்ணில் புதைத்தார். உயிர் பிழைத்து, தானே திரும்பி வந்து தோண்டினார். பல சுருள்கள் ஈரத்தில் கெட்டிருந்தன. எஞ்சியவற்றில் ஒரு படம்: ஒரு சிறுவன் கெட்டோவின் யூதக் காவலரின் தொப்பியும் உடுப்பும் அணிந்து இன்னொரு சிறுவனைப் பிடிக்கிறான். அவர்களுடைய விளையாட்டு அது. பார்த்ததைத்தானே பிள்ளைகள் விளையாடும்.

மூன்றாம் நாள், புதன், வூச்

நேற்றைய குறிப்பில் செப்டம்பரைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன். இன்று அதைத் தவிர்க்க முடியாது.

1942 ஜனவரி 16 முதல் மே மாதம் வரை ஏறத்தாழ 55,000 பேர் ஹெவ்ம்னோ என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டு, வண்டிக்குள் புகை செலுத்திக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1941 நவம்பரில் ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்து கெட்டோவின் ஒரு மூலையில் தனி வேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த ரோமா (ஜிப்சி) மக்கள் ஏறத்தாழ 5,000 பேரில், கெட்டோவிலேயே நோயால் இறந்தவர்கள் போக மற்றவர்களும் இதே முடிவுக்கு ஆளாகியிருந்தார்கள். செப்டம்பரில் ஜெர்மானியர்கள் மேலும் 20,000 பேரைக் கேட்டார்கள்: பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், நோயாளிகள். செப்டம்பர் 4 அன்று மாலை தீயணைப்புப் படையினரின் முற்றத்தில் கூட்டம் கூட்டி, “உங்கள் குழந்தைகளை என்னிடம் கொடுங்கள்” என்று ரும்கோவ்ஸ்கி பெற்றோரிடம் கேட்டார். போருக்கு முன் அநாதை இல்லம் நடத்தியவர் அவர். மறுநாள் ஊரடங்கு தொடங்கியது. மக்கள் அதை ‘ஷ்பேரா’ என்று நினைவில் வைத்தார்கள். செப்டம்பர் 12 வரை 15,000-க்கும் மேற்பட்டோர் இழுத்துச் செல்லப்பட்டார்கள். பிள்ளைகளை ஒளித்துவைத்த பெற்றோர் ஏராளம், சிலர் காப்பாற்றினார்கள். வீடு வீடாகத் தேடிய யூதக் காவலர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கு விலக்கு தரப்பட்டிருந்தது. ஒருவன் தன் பிள்ளையைக் காக்க இன்னொருவன் பிள்ளையைப் பிடிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. இதைத் திட்டமிட்டவர்களுக்கு மனிதப் பாசம் எப்படி வேலை செய்யும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முன்பு அநாதைக் குழந்தைகளின் இல்லங்களும் பள்ளிகளும் இருந்த மரீசின் பகுதி வழியாக யூதக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சனிக்கிழமைகளில் மூடியிருக்கும், வருபவர்கள் கவனிக்க வேண்டும். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஆலை முதலாளிகளின் பெரிய மண்டபங்களைத் தாண்டிப் போனால் ‘கெட்டோ வயல்’ என்ற பகுதி வருகிறது. பசியாலும் நோயாலும் கெட்டோவுக்குள்ளேயே இறந்த ஏறத்தாழ 43,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். புல் மூடிய மேடுகள் வரிசை வரிசையாக மரங்களுக்கு நடுவே போகின்றன. ஆனால் அவர்கள் தனித்தனிக் குழியில் புதைக்கப்பட்டார்கள், இடத்துக்கு எண் இட்டுப் பதிவேட்டில் எழுதப்பட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்தப் பசியிலும் யாரோ மண்வெட்டி பிடித்தார்கள், யாரோ பெயரைச் சரியாக எழுதினார்கள். அதனால்தான் இன்று பேரப்பிள்ளைகள் எண்ணைத் தேடி வந்து சிறு பலகை வைக்க முடிகிறது.

மதிலோரத்தில் சில பெரிய பள்ளங்கள் திறந்தபடியே இருக்கின்றன. 1944 ஆகஸ்டில் ஏறத்தாழ 67,000 பேர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு, கெட்டோ காலியான பிறகு, துப்புரவுக்கென்று சில நூறு பேரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்களைப் புதைப்பதற்காக அவர்களைக் கொண்டே வெட்டச் செய்த குழிகள் இவை. 1945 ஜனவரி 19 அன்று சோவியத் படை நகருக்குள் வந்துவிட்டது. குழிகள் காலியாகவே நின்றன. ஒன்றின் விளிம்பில் நின்று பார்த்தேன். உள்ளே ஈரமான பழுப்பு இலைகள், ஒரு கை நீளக் கிளை, யாரோ வைத்துவிட்டுப் போன கண்ணாடி விளக்கு. அதன் திரி எரிந்து முடிந்திருந்தது.

ராடெகாஸ்ட் நிலையம் இங்கிருந்து நடக்கும் தூரம். கெட்டோவுக்கு உணவும் மூலப்பொருளும் வந்து இறங்கிய அதே மேடையில்தான் பின்னர் மனிதர்களை ஏற்றினார்கள். 2005-இல் நினைவிடமாக்கப்பட்ட இந்த இடத்தின் நீண்ட கான்கிரீட் வழிக்குள் நாடுகடத்தல் பட்டியல்களின் நகல்கள் இருக்கின்றன. தட்டச்சு செய்த பெயர், பிறந்த நாள், முகவரி. ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி, நான்கு வெவ்வேறு வயது என்று அடுத்தடுத்து வரும் இடங்களில் என் விரல் தானாக நின்றது. ஒரு வீடு முழுவதும் நான்கு வரியில் முடிந்துவிட்டது.

நான்காம் நாள், வியாழன், வார்சா

மீண்டும் வார்சா. பயணக் களைப்பு, இன்று குறைவாக எழுதுகிறேன்.

ஷென்னா தெருவின் ஒரு முற்றத்தில் கெட்டோ மதிலின் ஒரு துண்டு நிற்கிறது. சாதாரணச் செங்கல், ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். அடியில் குழந்தைகள் நுழைந்துபோகும் அளவுக்குத் துளைகள் அப்போது இருந்தன. 1940 நவம்பர் 16 அன்று அடைக்கப்பட்ட இந்தக் கெட்டோவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். இங்கே பல குடும்பங்களுக்குப் படியளந்தவர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். துளை வழியே வெளியே போய், பிச்சையெடுத்தோ வாங்கியோ, உருளைக்கிழங்கைச் சட்டைக்குள் நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள், பிடிபட்டவர்கள் சுடப்பட்டார்கள். பிள்ளை திரும்பும்வரை தாய் முற்றத்தில் காத்துக் கிடந்திருப்பாள். பெற்றவர்களைப் பிள்ளை காப்பாற்றும் முறை எல்லா ஊரிலும் உண்டு. அது வயதான காலத்துக்கானது. இங்கே அது ஏழு வயதிலேயே தலையில் வந்து விழுந்தது.

ஐந்தாம் நாள், வெள்ளி, வார்சா

யூத வரலாற்று நிறுவனத்தின் முன்கூடத்துத் தரையில் கருகிய தடங்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருந்த பெரிய தொழுகைக் கூடத்தை 1943 மே 16 அன்று ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தபோது பரவிய தீயின் தடங்கள் அவை. மேலே போனால் ஒரு பால் கேன். சாதாரணமாகப் பால்காரர் வைத்திருக்கும் உலோகக் கேன்தான். துரு ஏறி, பக்கங்கள் பழுப்பாகி நிற்கிறது.

வரலாற்றாசிரியர் எம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் தலைமையில் ஏறத்தாழ அறுபது பேர் கெட்டோ வாழ்க்கையைப் பதிவு செய்ய ரகசியமாக நடத்திய ஆவணச் சேகரிப்பின் ஒரு பகுதி அதற்குள் இருந்தது. சனிக்கிழமைகளில் கூடியதால் அந்தக் குழுவுக்கு ‘ஓய்னெக் ஷபெஸ்’, ஓய்வுநாளின் மகிழ்ச்சி, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரிய மனிதர்களின் அறிக்கைகளை மட்டும் அவர்கள் சேர்க்கவில்லை. மிட்டாய்த் தாள், டிராம் சீட்டு, பங்கீட்டு அட்டை, பள்ளிக் கட்டுரை எல்லாம் சேர்த்தார்கள். ஒரே வீட்டில் டஜன் கணக்கானோர் குடியிருந்ததால், யாரைக் கூப்பிட அழைப்புமணியை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்ற குறிப்பையும்கூடச் சேர்த்தார்கள். ஒரு வீட்டு வாசலின் நெரிசலை இதைவிடத் தெளிவாக எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

சமூகம் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு வார்சாவின் பதில் முற்றம். நகரத்தின் பழைய குடியிருப்புகள் நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்தவை. ஊரடங்கு நேரத்தில் வாயிற்கதவு மூடப்பட்டதும் உள்ளே இருப்பவர்களே ஓர் ஊராகிவிடுவார்கள். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு வீட்டுக் குழு உருவானது. வசதியுள்ள வீட்டாரிடம் வசூலித்து, இல்லாத வீட்டுக்குச் சூப்பு கொடுத்தார்கள், குழந்தைகளுக்கு ஒரு மூலையை ஒதுக்கி விளையாட்டும் பாட்டும் நடத்தினார்கள், இறந்தவரின் அடக்கத்துக்குப் பணம் திரட்டினார்கள். ரிங்கல்ப்ளூம் இந்தக் குழுக்களின் சுயஉதவி அமைப்பில் முன்னின்று உழைத்தவர். போர் நீள நீள, வசதியுள்ள வீட்டாரும் இல்லாதவர் ஆனார்கள். குழுவின் பெட்டி காலியாயிற்று. லெஷ்னோ தெரு 40-ஆம் எண்ணில் பொதுச் சமையலறையை நடத்திய எழுத்தாளர் ராகெல் அவுர்பாக், தினமும் வரிசையில் நின்று தன் கரண்டியால் சூப்பு வாங்கியவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனதைப் பதிவு செய்தார். அந்தச் சூப்பு மரணத்தைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவர் மறுநாள் அடுப்பு மூட்டினார். ஆவணக் குழுவில் பிழைத்த மூவரில் அவர் ஒருவர்.

1942 ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. செப்டம்பர் 21-க்குள் ஏறத்தாழ 2,65,000 பேர் அனுப்பப்பட்டார்கள். அந்த வாரங்களில்தான் ஆசிரியர் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைனும், பதினெட்டு பத்தொன்பது வயதுடைய அவருடைய மாணவர்கள் இருவரும், பள்ளியாக இருந்த நோவோலிப்கி தெரு 68-இன் அடியில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். 1946 செப்டம்பர் 18 அன்று அவை தோண்டி எடுக்கப்பட்டன. பால் கேன்கள் 1950 டிசம்பர் 1 அன்று கிடைத்தன. புதைப்பதற்கு முன் மூவரும் ஆளுக்கொரு குறிப்பு எழுதி உள்ளே வைத்தார்கள். லிக்டென்ஷ்டைன் தனக்குப் புகழோ நன்றியோ வேண்டாம் என்று எழுதினார். தன் மனைவி, ஓவியர் கேலா செக்ஷ்டைனை நினைவில் வைக்கும்படி கேட்டார். பிறகு மகளைப் பற்றி: மார்கலித், இன்று இருபது மாதம் நிரம்புகிறது, யூதர்களின் இத்திஷ் மொழியை அழகாகப் பேசுகிறாள். எந்த அப்பாவும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லும் பெருமைதான் அது. அப்பா, அம்மா, மகள் மூவரும் பிழைக்கவில்லை. கேலாவின் ஓவியங்கள் பெட்டிக்குள் பிழைத்தன.

மாணவர்களில் ஒருவன் நாகும் க்ஷிவாச். எழுதிக்கொண்டிருக்கும்போதே, பெற்றோர் இருக்கும் கட்டடம் சுற்றிவளைக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி அவனுக்கு வருகிறது. அவர்கள் நலமா என்று பார்க்க ஓடுகிறேன், எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது என்று எழுதி, தன் பெயரை நினைவில் வைக்கும்படி கேட்டு நிறுத்துகிறான்.

மாலையில் நோவோலிப்கி தெருவுக்குப் போனேன். அந்தப் பகுதி முழுவதும் போருக்குப் பின் இடிபாடுகளின்மேலேயே கட்டப்பட்டது; பல குடியிருப்புகள் தெரு மட்டத்துக்கு மேலே மேடுகளில் நிற்கின்றன, வீட்டுக்குப் போகப் படி ஏற வேண்டும். கையில் ரொட்டிப் பையோடு ஒரு பெண்மணி படியேறினார். மேலே சமையலறை விளக்கு எரிந்தது. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து, நாகுமின் பெயரையும் மார்கலித்தின் பெயரையும் குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்.